மூன்று கிண்ணத்தில் ஒன்று வேறு

ருசி பார்க்கிற தொழிலில் முதல் பாடம், ருசித்ததை விழுங்கக் கூடாது என்பதுதான். வாயில் வைத்து, நாக்கில் ஒரு சுற்று சுற்றவிட்டு, பக்கத்தில் இருக்கும் காகிதக் குவளையில் துப்பிவிட வேண்டும். ஆறு வருஷமாக, வாரத்தில் இரண்டு மத்தியானம், நான் இதைத்தான் செய்துவந்தேன். வழக்கமாக வாங்கும் பிஸ்கட்டை ஒரு கடி கடித்துவிட்டு, பிஸ்கட் மாறிவிட்டதா, நமக்குத்தான் நாக்கு செத்துப்போய்விட்டதா என்று சமையலறையில் தனியாக நின்று யோசித்திருக்கிறீர்களா? அப்படியென்றால் நீங்களும் நம்ம ஆள்தான். மேலே படியுங்கள்.

சிவப்பு வெளிச்சம்

எங்கள் அடுக்குமாடியின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு நாள் அறிவிப்பு வந்தது. தின்பண்டம் செய்கிற ஒரு கம்பெனிக்கு, மத்தியானத்தில் ஓய்வாக இருக்கும் குடும்பப் பெண்கள் தேவை. என் பெண் கல்லூரி விடுதிக்குப் போய், மத்தியானங்கள் நீளமாகிவிட்டிருந்த சமயம். அடையாறில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடி. வாசலிலேயே தலையில் இருந்த மல்லிகைச் சரத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வாசனை கூடாதாம்.

உள்ளே தபால் பெட்டிகளை அடுக்கியது போல வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். ஒரு நாற்காலி, ஒரு பலகை, எதிரே ஒரு சின்னக் கதவு. உட்கார்ந்ததும் சிவப்பு விளக்கு எரியும். அந்த வெளிச்சத்தில் என் கை, சேலை, தண்ணீர் எல்லாம் ஒரே நிறம். நிறத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. கதவு திறந்து மூன்று கிண்ணங்கள் வரும். இரண்டில் ஒரே சரக்கு, ஒன்றில் வேறு. வேறு எது என்று எழுதித் தர வேண்டும்.

கண்ணை மூடிக்கொண்டு முதல் கிண்ணத்தை வாயில் வைத்தேன். மாம்பழச் சாறு. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது, ஆனால் சத்தம் மிகத் தூரத்தில் இருந்து வந்தது. நாக்கைத் தவிர உடம்பில் எதுவும் மிச்சமில்லாதது போல இருந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ, விளக்கு அணைந்தபோதுதான் எதுவுமே எழுதவில்லை என்று நினைவு வந்தது. எங்கள் பொறுப்பாளர் சுபா மேடம். என்னைவிடப் பத்து வயது சின்னவர், வெள்ளைக் கோட்டு, மெல்லிய குரல். வித்தியாசம் தெரியவில்லை மேடம், மன்னிச்சுக்குங்க என்றேன். அவர் காகிதத்தை வாங்கிக்கொண்டு சொன்னார்: "எதுக்கு மன்னிப்பு? உங்களுக்குத் தெரியலேன்னாதான் எங்களுக்குச் சந்தோஷம்."

தேசிகன் மாமாவின் காபி

அதற்கு என்ன அர்த்தம் என்று புரிய எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. மூன்று கிண்ணங்களில் இரண்டில் பழைய சரக்கு, ஒன்றில் செலவு குறைத்துச் செய்த புதிய சரக்கு. பழம் கொஞ்சம் குறையும், பாலுக்குப் பதில் பால் மாதிரி ஒன்று வரும், நெய்யின் இடத்தில் பாமாயில் வந்து உட்காரும். விலை மட்டும் அசையாது. எங்களில் பெரும்பாலோருக்கு வித்தியாசம் தெரியாவிட்டால் புதிய சரக்கு கடைக்குப் போய்விடும்.

காபிக்கு மட்டும் ஆண்களையும் கூப்பிடுவார்கள். மயிலாப்பூரிலிருந்து தேசிகன் மாமா வருவார். பாங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் சொந்தப் பேனா. ஒரு வாரம் எங்களைச் சோதிப்பதற்காக மூன்று கிண்ணத்திலும் ஒரே காபியைக் கொடுத்துவிட்டார் சுபா மேடம். மாமா நடுக் கிண்ணத்தில் சிக்கரியைக் கொட்டிக் கெடுத்துவிட்டதாக ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார். காகிதம் போதாமல் பின்பக்கமும் எழுதியிருந்தார்.

அடுத்த வாரம் நிஜமாகவே ஒரு கிண்ணத்தில் சிக்கரியைக் கூட்டி வைத்தார்கள். எனக்கே ஏதோ அடி நாக்கில் உறைத்தது, ஆனால் உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. மாமா துப்பவில்லை. மூன்றையும் மெதுவாக, கண்ணை மூடிக்கொண்டு குடித்து முடித்துவிட்டு வெளியே வந்தார். முகம் சாயங்காலக் குளத்துப் படியில் உட்கார்ந்து காற்று வாங்கியவர் மாதிரி இருந்தது. எது வேறு என்று மேடம் கேட்டார். எதுவும் வேறு இல்லை என்ற மாமா, மேடத்தின் தோளில் தட்டிக்கொடுக்காத குறையாகச் சொன்னார்: "போன வாரம் தப்பு பண்ணியிருந்தேள், இன்னிக்குத் திருத்திண்டுட்டேள்."

திரைக்குப் பின்னால் இரண்டு கைகள்

ஒரு முறை வாய்க்கு வேலை இல்லை, கைக்குத்தான் என்றார்கள். ஒரு கறுப்புத் திரை, அதில் இரண்டு ஓட்டை. கைகளை உள்ளே நீட்ட வேண்டும். அந்தப் பக்கம் ஒரு கையில் பழைய பிஸ்கட் பாக்கெட், மறு கையில் புதியது வைப்பார்கள். எது கனம் என்று சொல்ல வேண்டும். நீளம் ஒன்று, அகலம் ஒன்று, காகிதத்தின் சரசரப்பு கூட ஒன்று. உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தட்டில் தடுப்புகளை மட்டும் கொஞ்சம் தடிமனாக்கியிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. இருட்டில் என் கைகள் இரண்டும் யாருடையவோ போல மிதந்தன. இரண்டும் ஒன்று என்று எழுதினேன். கூட வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் எழுதினார்கள்.

அன்றைக்குப் புதிதாக வந்தவள் கஸ்தூரி. பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிறவள். சுபா மேடம் அவளிடம்தான் மீன் வாங்குவார். வியாபாரம் மதியத்தோடு முடிந்துவிடும் என்பதால் வரச் சொல்லியிருந்தார். கஸ்தூரி கையை நீட்டினாள், ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை. இடது கையில் இருப்பதில் இரண்டு பிஸ்கட் குறைகிறது என்றாள். மேடம் பாக்கெட்டுகளை மாற்றி வைத்தார். இப்போது வலது கை என்றாள். பத்து தடவை மாற்றினார்கள், பத்து தடவையும் சொன்னாள். இவளுக்குப் பரிசு ஏதாவது கொடுப்பார்கள் என்று நான் நினைத்தேன்.

அவளை மறுபடி கூப்பிடவில்லை. சாதாரண ஜனங்களுக்கு அவ்வளவு தெரியாது, அவள் பதில் கணக்கைக் கெடுத்துவிடும் என்று மேடம் சங்கடத்தோடுதான் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் போனபோது நானே கஸ்தூரியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் ஒரு சங்கரா மீனைச் செதில் உரித்துக்கொண்டே நிமிராமல் கேட்டாள்: "கரெக்டா சொன்னா வேலை இல்லன்றாங்கோ, இன்னா நாயம்க்கா இது?"

அவருக்குப் பசி எடுக்கிறது

அந்தப் பாக்கெட் கடைக்கு வந்தது. எங்கள் பகுதியில் பெரிய புற்றுநோய் ஆஸ்பத்திரி இருப்பதால், வெளியூர்க்காரர்கள் பக்கத்துச் சந்துகளில் அறை எடுத்துத் தங்கியிருப்பார்கள். நான் பால் வாங்கும் கடைக்கு அப்படி ஒரு பெண் வருவாள். பெயர் தனலட்சுமி, வந்தவாசிப் பக்கம். கணவருக்குத் தொண்டையில் கட்டி, வார்டில் சேர்த்திருந்தார்கள். லாரிகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். சோறு இறங்காது. பாலில் ஊறவைத்த பிஸ்கட்தான் சாப்பாடு. அதுவும் அந்த பிஸ்கட்தான் இறங்குமாம்.

ஒரு காலை, அப்போதுதான் வாசல் தெளித்த தெருவில் மரநிழல் அலைந்துகொண்டிருந்தது. அவள் பாக்கெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, என்றைக்கும் இல்லாத மாதிரி சிரித்தாள். நான் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தாள். பாக்கெட்டை அவர் தலைமாட்டில் வைத்துவிட்டு அவள் மருந்து வாங்க, துணி துவைக்க என்று போய்விடுவாள், அவரே எடுத்து ஊறவைத்துத் தின்பார். முன்பெல்லாம் ஒரு பாக்கெட் நாலு நாள் வரும். இப்போது நாலாம் நாள் மத்தியானமே காலி.

எனக்குத் திரைக்குப் பின்னால் இருந்த என் கைகள் நினைவுக்கு வந்தன. இரண்டும் ஒன்று என்று எழுதியவள் நான். வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்தும் போட்டிருந்தேன். ஆனால் அவளிடம் விஷயத்தைச் சொல்லாமல் விட்டதற்கு அந்தக் கையெழுத்து காரணமில்லை. அவள் முகம்தான். பால் பாக்கெட்டின் குளிர் விரலில் ஏற ஏறக் கேட்டுக்கொண்டு நின்றேன். அவள் சொன்னாள்: "அவருக்குப் பசி எடுக்க ஆரம்பிச்சிருச்சுக்கா."

சொல்லிவிட்டேன்

பத்து நாள் அது என்னைத் தூங்கவிடவில்லை என்று சொன்னால் பொய். தூங்கினேன். ஆனால் குளிக்கும்போது, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரும்போது, திடீரென்று அந்தப் பாக்கெட் கண் முன்னால் வந்து நிற்கும். அவர் அதிகமாகச் சாப்பிடுகிறார் என்று நம்பி அவள் டாக்டரிடம் ஏதாவது சொல்லிவைத்து, அதை வைத்து அவர்கள் வைத்தியத்தை மாற்றிவிட்டால்? அந்த எண்ணம் வந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. கடை வாசலில் காத்திருந்து, அவளை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னேன். பாக்கெட்டில் இரண்டு குறைத்துவிட்டார்கள் என்றேன். எனக்கு எப்படித் தெரியும் என்பதையும் சொன்னேன். கையெழுத்து போனால் போகட்டும்.

அவள் அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். என்னிடம் சொன்னதற்கு மறுநாளே சந்தேகம் வந்து, புதுப் பாக்கெட்டைப் பிரித்து எண்ணிப் பார்த்துவிட்டாளாம். டாக்டரிடம் எண்ணிக்கையைச் சரியாகவே சொல்லிவிட்டாளாம். ஆனால் அவள் கணவர் நர்ஸிடம், பக்கத்துக் கட்டில்காரரிடம், ஊரிலிருந்து போன் செய்கிறவர்களிடம் எல்லாம் பாக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இரண்டு நாளாக எழுந்து உட்காருகிறார், தானாகவே சவரம் செய்துகொண்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னது இவ்வளவுதான்: "அவருகிட்ட மட்டும் சொல்லிராதீங்கக்கா."

சாதாரண நாக்கு

அந்த மாதக் கடைசியில் அவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். மூன்று மாதம் கழித்து வரச் சொல்லியிருப்பதாகக் கடைக்காரர் சொன்னார். அதற்குமேல் எனக்குத் தெரியாது.

ஆனால் எனக்குள் ஒரு வீம்பு வந்துவிட்டது. இனிமேல் எந்தச் சரக்கையும் சும்மா விடுவதில்லை. அடுத்த முறை அதே பிஸ்கட்டில் பால் பொடியைக் குறைத்து வைத்திருந்தார்கள். சிவப்பு வெளிச்சத்தில் உட்கார்ந்து ஊன்றி ருசித்தேன். மூன்றும் ஒன்றாகத்தான் இருந்தன. இருந்தாலும் வித்தியாசம் பலமாகத் தெரிகிறது, மூன்றாவதுதான் வேறு என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். வேறாக இருந்தது முதல் கிண்ணம். தப்பான கிண்ணத்தைச் சொன்னால், அதுவும் வித்தியாசம் தெரியாதவர்கள் பக்கம்தான் சேருமாம். தடுப்பதற்குக்கூட நாக்கு வேண்டும் என்று அன்றுதான் தெரிந்தது.

நேராக மேடத்திடம் போய், வெளியே சொன்னதையும் சொல்லி, நின்றுவிடுகிறேன் என்றேன். கஸ்தூரியை அனுப்பிவிட்டு என்னை ஏன் இத்தனை வருஷம் வைத்திருந்தீர்கள் என்றும் கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஜன்னலுக்கு வெளியே மரங்களுக்கு மேல் கழுகு ஒன்று வட்டமடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, என்னை உயர்த்திச் சொல்வதாகவே நினைத்துச் சொன்னார்: "வெளியே பேசினதை நான் கேக்கலைன்னு வச்சுக்கறேன், உங்க நாக்கு அப்படியே கஸ்டமர் நாக்கு வனஜாம்மா, போயிடாதீங்க."

கடற்கரை

போய்விட்டேன். போன மாதம் ஒரு சாயங்காலம் என் கணவரோடு பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போயிருந்தேன். வெயில் இறங்கி, மணல் வெதுவெதுப்பாக இருந்தது. கோயில் மணி ஒரு பக்கம், மாதா கோயில் பாட்டு ஒரு பக்கம், நடுவில் கடல். அவர் இரண்டு கப் ஐஸ்கிரீம் வாங்கி வந்தார். மூடியைத் திருப்பிப் பார்த்தேன். எங்கேயும் ஐஸ்கிரீம் என்ற சொல்லே இல்லை. உறையவைத்த இனிப்பு, தாவரக் கொழுப்பு என்று எறும்பு எழுத்தில் போட்டிருந்தது. இதை நான் ருசி பார்த்திருக்கிறேன். நாலு வருஷத்துக்கு முன்னால், வித்தியாசம் தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அவரிடம் முழுக் கதையையும் சொன்னேன். அலை வந்து வந்து போயிற்று. ஒரு கரண்டி வாயில் வைத்தேன். குளிர்ச்சியாக, வழவழவென்று, மறுப்புச் சொல்ல முடியாதபடி நன்றாக இருந்தது. அன்று முதன்முறையாக அதை விழுங்கினேன். அவர் தன்னுடையதை வழித்துத் தின்றுவிட்டு, என் கப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "நல்லாத்தானே இருக்கு, நீ வச்சிருக்கிறதைச் சாப்பிடப் போறியா இல்லையா?"

உங்கள் வீட்டு டப்பாவில் இன்றைக்கு எது இளைத்து, எது நீர்த்து, எது பெயர் மாறி உட்கார்ந்திருந்தாலும், அதை உங்கள் சார்பில் வாயில் வைத்துப் பார்த்து, எல்லாம் ஒன்றுதான் என்று எழுதிக் கொடுத்தவள் நான்தான்.