தேயாத டயர்

தெருவில் அவரை எல்லோரும் கெட்டி என்றுதான் சொல்வார்கள். செருப்பு வாங்கப் போனாலும் குடை வாங்கப் போனாலும் அவருடைய முதல் கேள்வி, "கெட்டியா இருக்குமா?" என்பதுதான். அழகு, நிறம், காலைக் கடிக்குமா என்பதெல்லாம் அப்புறம். அவர் வாங்கிய குடையை விரிக்க இரண்டு ஆள் வேண்டும். அவர் வீட்டு சோபாவில் உட்கார்ந்து எழுந்த விருந்தாளிகள் இடுப்பைத் தடவிக்கொண்டே விடைபெறுவார்கள். ஆனால் சோபா வாங்கிய அன்று இருந்த மாதிரியே இருக்கிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

லிஃப்ட் பழுதுபார்ப்பது அவர் தொழில். அடுக்குமாடிக் கட்டடங்களின் உச்சியில், மோட்டார் அறைகளில், கிரீஸ் கையோடு ஆயுளில் பாதியைக் கழித்தவர். அங்கே மட்டும் அவர் வேறு ஆள். கம்பிக் கயிற்றுக்குக் கெடு முடிந்தால் முடிந்ததுதான். கட்டட நிர்வாகி கயிற்றைத் தடவிப் பார்த்து, "புதுசு மாதிரி இருக்கே, இன்னும் ஒரு வருஷம் ஓட்டலாமே" என்று இழுத்தால், "பாக்கறதுக்கா மாட்டியிருக்கு? தொங்கறதுக்கு சார்" என்பார். அதற்கு மேல் யாரும் வாயைத் திறப்பதில்லை.

அவரிடம் ஒரு குரூசர் பைக் உண்டு. தாழ்ந்த சீட், அகன்ற கைப்பிடி, காலை முன்னால் நீட்டிக்கொண்டு உட்கார வேண்டும். ஓட்டுகிறாரா ஓய்வெடுக்கிறாரா என்று பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வரும். மகள் சின்னவளாக இருந்தபோது அதற்கு நாற்காலி வண்டி என்று பெயர் வைத்தாள். கல்யாணமான புதிதில் வாங்கியது. அந்த நாட்களில் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் புருஷனும் பெண்டாட்டியும் வீடு தங்கமாட்டார்கள். அணைக்கட்டு, கடற்கரை, மலைப்பாதை, ஒன்றும் இல்லாவிட்டால் ரயில் பாதையை ஒட்டிய மண்சாலை. மனைவி ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். வாரம் முழுக்க யாரையோ யாருக்கோ இணைத்துவிட்டு, பின்சீட்டில் ஏறிய பிறகும் அந்த வேலையை விடமாட்டாள். "பின்னாடி லாரி, வழி விடுங்க." "வலப்பக்கம் ஒரு நாய் யோசிச்சுக்கிட்டு நிக்குது." காதோரம் தகவல் வந்துகொண்டே இருக்கும். அவருக்குப் பக்கக் கண்ணாடியே தேவைப்பட்டதில்லை. வாழ்க்கையில் அவர் கேட்ட குரல்களிலேயே அவருக்குப் பிடித்தது அதுதான், ஆனால் அதை அவளிடம் சொன்னதில்லை. சொல்லாமலே தெரியும் என்று நினைக்கிற ஜாதி.

இந்த மழைக்காலம் ஆரம்பித்த வாரத்தில்தான் அது நடந்தது. கனமழை என்று அவளை அழைத்துவர ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். திரும்பி வரும்போது நாற்சந்தி வளைவில், நடப்பவர்களுக்காகப் போட்டிருந்த வெள்ளைப் பட்டையில் பின்சக்கரம் வழுக்கியது. வேகமே இல்லை. சைக்கிள்காரன்கூட முந்தியிருப்பான். வண்டி சாவகாசமாகப் படுத்தது. அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவளுக்கு வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு.

கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் சொன்னது இவ்வளவுதான். "இனிமே நான் பஸ்ல போயிக்கறேன்."

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு. அவர்தான் பெயின்ட் அடித்தவனைத் திட்டினார், சாலையைத் திட்டினார், மழையைத் திட்டினார். டயரை மட்டும் திட்டவில்லை. குனிந்து பின்டயரின் பள்ளத்தில் நகத்தை விட்டுப் பார்த்தார். நகம் முழுசாக உள்ளே போயிற்று. இவ்வளவு வருஷம் ஆகியும் தேயாத டயர்! வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டிப் பெருமையடித்துக்கொண்ட டயர்.

கட்டுப் பிரித்தார்கள். கை தேறியது. அவள் பஸ்ஸிலேயே போனாள், பஸ்ஸிலேயே வந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஹெல்மெட்டைத் துடைத்து வைத்துவிட்டு, "சும்மா ஒரு சுத்து வரலாமா?" என்பார். "துணி காயப்போடணும்" என்பாள். துணி காய்ந்த பிறகு கேட்டால் அரிசி களைய வேண்டியிருக்கும். அவருக்குப் புரிந்தது. கோபமாக இருந்தால் எப்படியாவது சமாதானம் செய்துவிடலாம், அவளுக்கு வந்திருந்தது பயம்.

ஒருநாள், லிஃப்ட் நின்றுபோன ஒரு கட்டடத்தின் அடித்தளத்துக்கு வண்டியை இறக்கினார். ஈரச் சரிவில் பின்சக்கரம் மறுபடி இடுப்பை ஆட்டியது. வாட்ச்மேன் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். வேலை முடிந்ததும் நேராக மேம்பாலத்துக்கு அடியில் இருக்கும் டயர்க் கடைக்குப் போனார். காற்று குறைவாக இருக்கும் என்றுதான் நினைத்தார்.

காற்று சரியாக இருந்தது. கடைக்காரர் டயரின் ஓரத்தில், அது தயாரான வருஷத்தைக் காட்டும் எண்ணைத் துடைத்துப் படித்தார். பிறகு டயரைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்தினார். தடமே விழவில்லை. பக்கத்தில் இருந்த புதிய டயரை அழுத்தினார். நகம் பதிந்து மெல்ல மறைந்தது.

"இது காய்ஞ்சு போச்சுண்ணே. ரப்பர் இல்ல, பலகை. வெயில்லயும் நிழல்லயும் சும்மாவே நின்னு இறுகிடுச்சு. ஈரத்துல எப்படிப் பிடிக்கும்?"

"என்ன பேசறீங்க? பள்ளத்தப் பாருங்க, அப்படியே இருக்கு!"

"அப்படியேதான் இருக்கு. அதான் பிரச்சினையே."

கடைக்காரருக்குப் புது டயர் விற்க வேண்டும், அதனால் அளக்கிறார் என்று முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார். சாப்பிடும்போது மனைவியிடம் முறையிட்டார். "நல்ல டயரைப் போயி மாத்தச் சொல்றான். பாத்தா புதுசு மாதிரி இருக்கு."

அவள் குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள். "பாக்கறதுக்கா மாட்டியிருக்கு?"

அவர் கை தட்டிலேயே நின்றது. இருபது வருஷமாக ஊரில் உள்ள நிர்வாகிகளின் வாயை அடைத்த வசனம் சொந்தச் சமையலறையில் தன் மேலேயே பாயும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"அந்த டயர் எப்ப போட்டது?" என்றாள்.

யோசித்தார். "பொண்ணு காலேஜுக்குப் போன வருஷம்."

"அதுக்கு முன்னாடி போட்டதெல்லாம் எத்தனை நாள் உழைச்சுது?"

உழைக்கவே இல்லை. ரெண்டு வருஷத்தில் மொட்டை, மூணு வருஷத்தில் மொட்டை. மலைப்பாதையில் ஒன்று, கடற்கரைச் சாலையில் ஒன்று என்று தேய்ந்து தீர்ந்தன. ஒரு டயர் வழியிலேயே நூல் தெரிய நின்றுபோய், மூன்று பேரும் பம்பு செட்டு ஒன்றின் நிழலில் மெக்கானிக்குக்காக அரை நாள் காத்திருந்தார்கள். மகள் அந்தத் தண்ணீரில் குதித்து ஆட்டம் போட்டாள். மனைவி துப்பட்டாவைக் குடை மாதிரி பிடித்துக்கொண்டு, அவர் எப்போதோ சொன்ன மொக்கை ஜோக்குக்குக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அந்த டயரை அவர் ஒரு மாதம் திட்டித் தீர்த்திருக்கிறார். இப்போது அதைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

"தேயல, தேயலன்னு பெருமைப்பட்டீங்க" என்றாள் அவள். குரலில் குத்தல் இல்லை. "நாம எங்கங்க போனோம், அது தேயறதுக்கு?"

மகள் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போன பிறகு ஓவர்டைம் வந்தது, பிறகு டிவி வந்தது, பிறகு முட்டிவலி வந்தது. எதையும் குற்றம் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமைகள் சத்தமில்லாமல் போய்விட்டன, அவ்வளவுதான். அவர் மோர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

அடுத்த வாரம் கடைக்காரர் இரண்டு டயர்களை உருட்டிக்கொண்டு வந்து முன்னால் நிறுத்தினார். "இது உங்களுக்குன்னே செஞ்சது மாதிரி. கெட்டி ரப்பர். ஓடிக்கிட்டே இருக்கும். ஈரத்துல மட்டும் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். இன்னொன்னு மிருதுவான ரப்பர். ரோட்டைக் கவ்வும், மழையில தைரியமா சாய்க்கலாம். ஆனா சீக்கிரம் தேஞ்சுடும். ஊர் சுத்தினீங்கன்னா ரெண்டு வருஷத்துல திரும்ப இங்கதான் வரணும்."

பழக்கதோஷத்தில் அவர் கை கெட்டி டயரின் பக்கம் போனது. அதன் முதுகைத் தட்டியும் பார்த்தது. பிறகு கையை இழுத்துக்கொண்டார்.

"ரெண்டு வருஷத்துல தேஞ்சுடுமா?"

"ஆமாண்ணே, முன்னாடியே சொல்லிட்டேன். அப்புறம் சண்டைக்கு வரக்கூடாது."

"நிச்சயமா தேஞ்சுடும்ல?"

கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். டயர் தேயும் என்பதற்கு உத்தரவாதம் கேட்ட முதல் ஆள் இவராகத்தான் இருக்கவேண்டும்.

"அதையே போடுங்க. முன்னாடியும் அதே."

புது டயரின் மேல்தோல் போகும்வரை நிதானமாக ஓட்ட வேண்டும், அதுவரை பின்னால் யாரையும் ஏற்ற வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார் கடைக்காரர். ஏறத்தான் யார் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார் அவர். சீக்கிரம் தேயும் டயராகப் பார்த்து வாங்கியதை மட்டும் அன்றிரவே மனைவியிடம் சொல்லிவைத்தார். இரண்டு ஞாயிறு தனியாகச் சுற்றினார். அணைக்கட்டுப் பக்கம் போனார். குடியிருந்த பழைய வாடகை வீட்டை ஒரு முறை கடந்தார். அந்த வீட்டு ஜன்னலுக்கு யாரோ நீலம் அடித்திருந்தார்கள். அதைச் சொல்ல வாயெடுத்துத் தலையைப் பாதி திருப்பிவிட்டார். பின்சீட்டில் காற்றுதான் இருந்தது.

வீட்டுக்கு வந்து அவளிடம் ஜன்னல் நீலத்தைச் சொன்னார். "நீலமா? அந்த வீட்டுக்கா?" என்று அவள் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டாள். "நல்லாவா இருக்கு?"

"நீ வந்து பாத்து சொல்லு."

அவள் வெளியே பார்த்தாள். வானம் மூட்டமாக இருந்தது. பிறகு உள்ளே போய்ப் புடவையை மாற்றிக்கொண்டு சுடிதாரில் வந்தாள். அவர் மூச்சை விடக்கூடப் பயந்து வண்டியை வெளியே எடுத்தார்.

தெருமுனை தாண்டும்வரை அவள் பின்கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தாள். அவரும் முட்டை ஏற்றிய வண்டி மாதிரி ஓட்டினார். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. எதிரே நாற்சந்தி, சிவப்பு விளக்கு, ஈரத்தில் பளபளக்கும் வெள்ளைப் பட்டைகள். பக்கத்தில் ஒரு பஸ், கதவு திறந்தபடி, வெளிச்சமும் காலி சீட்டுமாக நின்றது.

அவர் காலை ஊன்றிக்கொண்டு, திரும்பாமலே கேட்டார். "பயமா இருந்தா அதுல ஏறிக்கோம்மா. நான் பின்னாடியே வரேன். ஒண்ணும் நினைச்சுக்கமாட்டேன்."

அவள் பஸ்ஸைப் பார்த்தாள். பட்டையைப் பார்த்தாள்.

"பஸ்ல போறதுக்கா சீக்கிரம் தேயற டயரா பாத்து வாங்கினீங்க?" என்றாள். "போங்க."

பச்சை விழுந்தது. அவள் கம்பியை விட்டுவிட்டு அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.