எட்டு என்று எழுதியவள்

பல்கலைக்கழக விளையாட்டுத் துறையில் அவளை எல்லோரும் 'சட்டம்' என்றுதான் கூப்பிடுவார்கள். பயிற்சி கொடுத்த கோச்சும் அப்படித்தான். வில்வித்தை விதிப்புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள் என்று கிண்டல். அதில் பாதி உண்மை. ஹாஸ்டல் அறையில் இருந்த ஒரே மேசையை அறைத்தோழி பிடித்துக்கொண்டதால் அவளுடைய புத்தகங்கள் எல்லாம் கட்டிலில்தான் கிடந்தன.

அப்பா பஸ் ஓட்டுநர், அம்மா தையல் யூனிட்டில் காலர் தைப்பவள். சட்டம் நூலக அறிவியலில் முதுகலை படித்தாள். மத்தியானம் பல்கலைக்கழக நூலகத்தில் திரும்பி வரும் புத்தகங்களை வாங்கி அடுக்குவாள். மாலை நாலரைக்கு மைதானம். ஐந்து வருஷமாக இதே ஓட்டம்தான்.

அவள் வாயிலிருந்து எப்போது கேட்டாலும் தடங்கலில்லாமல் வருவது ஒன்று உண்டு. அதை முதல்முறை கேட்டபோது, 'வாத்து' என்று பட்டப்பெயர் வாங்கியிருந்த புதுப் பெண், முழங்காலில் பிஸ்கட் பொட்டலத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எழுபது மீட்டர் தூரம். எழுபத்திரண்டு அம்பு. அறுநூறு எடுக்கணும். ஒரு தடவை எடுத்தா பத்தாது. ஒரு வருஷத்துக்குள்ள ரெண்டு தடவை, அதுவும் பதிவு பண்ணின போட்டியில. நம்ம மைதானத்துல நீ எழுநூறே எடுத்தாலும் செல்லாது. ரெண்டும் இருந்தாத்தான் வெளிநாட்டுப் போட்டிக்குப் பேர் அனுப்புவாங்க. இருபத்தஞ்சு வயசு தாண்டிட்டா அதுவும் கிடையாது."

"அவ்ளோதானா அக்கா?" என்றாள் வாத்து.

சட்டத்துக்குச் சுருக்கென்றது. அந்த 'அவ்ளோதானா'வுக்காக அவள் ஐந்து வருஷம் தோள்பட்டை வீங்க நாண் இழுத்திருக்கிறாள். ஐந்நூற்று எழுபத்தொன்று, எண்பத்துமூன்று, தொண்ணூற்றாறு என்று படிப்படியாக ஏறி, அந்த வருஷம்தான் முதல்முறையாக அறுநூற்று நான்கு எடுத்திருந்தாள். இன்னும் ஒன்று வேண்டும். வயது இருபத்தைந்து ஆகிவிட்டது.

வாத்து முதல் வருஷ மாணவி. பாதங்களை வெளியே திருப்பிக்கொண்டு நிற்பதால் அந்தப் பெயர். கோச் ஒரு வாரம் அவள் காலைத் திருத்திப் பார்த்தார். பிறகு அம்புகள் போய் நிற்கும் இடத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். வில்லைத் தொட்ட ஒன்பதாம் மாதம், போன முதல் போட்டியிலேயே, வாத்து அறுநூற்றுப் பதினொன்று எடுத்தாள்.

"அவ கையில என்னமோ இருக்கு, சட்டம். பாத்தியா?" என்றார் கோச்.

"பாத்தேன் சார்."

பார்க்காமல் இருந்தால்தானே? தன் அம்பு எங்கே குத்தியது என்று தேடுவதற்கு முன்னால் வாத்தின் அம்பைத் தேடும் பழக்கம் அவள் கண்ணுக்கு வந்துவிட்டது. வாத்து கைக்காப்பை மறந்துவிட்டு வருவாள், யாரிடமாவது இரவல் வாங்குவாள், சிரித்துக்கொண்டே எய்வாள், அம்பு இலக்கின் நடு மஞ்சளில் போய் நிற்கும். சட்டத்துக்கு எரிச்சலாக வரும். ஒரு தடவை வாத்து காய்ச்சலில் ஒரு வாரம் வரவில்லை. அந்த வாரம் சட்டம் நன்றாக எய்த மாதிரி அந்த வருஷம் முழுக்க எய்யவில்லை. காய்ச்சல் விட்டு வாத்து மைதான வாசலில் வந்து நின்றபோது, "இப்ப பரவாயில்லையா?" என்று கேட்ட தன் குரலே அவளுக்குப் போலியாகப் பட்டது.

இத்தனைக்கும் இது ஒரே நாற்காலிக்கு இரண்டு பேர் அடித்துக்கொள்ளும் விஷயமில்லை. அறுநூறு தொட்டவர் எல்லோரும் போகலாம். வாத்து தேறினால் இவளுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அதுவும் விதியில் இருந்தது, அதையும் மனப்பாடமாகச் சொல்வாள். எரிச்சலுக்கு ஒரு நியாயமும் கிடைக்காததில் எரிச்சல் இன்னும் கூடியது.

அம்மா போனில் பிடித்துவிட்டாள். "அந்தச் சின்னப் பொண்ணு எப்படி இருக்கு?"

"எந்தப் பொண்ணு?"

"நாலு மாசமா வாரத்துக்கு நாலு தடவை நீ குறை சொல்ற பொண்ணு."

"நான் ஏம்மா குறை சொல்றேன்? உள்ளதைச் சொன்னேன்."

"சரி, சரி. உள்ளதையே சொல்லு. சாப்பிட்டியா?"

பேர் அனுப்பும் கெடு முடிவதற்கு முன் கடைசிப் போட்டி வந்தது. இருவருக்கும் இன்னொரு அறுநூறு தேவை. சீட்டு எடுத்ததில் இருவருக்கும் ஒரே இலக்கு. மூன்றாவதாக வேறொரு கல்லூரிப் பெண். ஆறு ஆறு அம்பாகப் பன்னிரண்டு சுற்று. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் இலக்கு வரை நடந்துபோய், அம்புக்காரி தன் எண்களைச் சொல்ல வேண்டும். மற்ற இருவரும் சரிபார்த்து அட்டையில் எழுத வேண்டும். சந்தேகம் வந்தால் நடுவரைக் கூப்பிடலாம். ஆனால் அம்பைப் பிடுங்கிவிட்டால் அதற்குப் பிறகு பேச்சே கிடையாது.

அன்று நல்ல காற்று. பத்துச் சுற்றுவரை இருவரும் ஒட்டிக்கொண்டே வந்தார்கள். பதினோராவது சுற்று முடிந்து இலக்கடிக்குப் போனார்கள். மூன்றாவது பெண் ஒரு கையால் தொப்பியை அமுக்கிக்கொண்டு, சொன்னதை எழுதினாள். வாத்து வழக்கம்போல நின்ற இடத்திலிருந்தே கடகடவென்று சொன்னாள்.

"பத்து, ஒன்பது, எட்டு, எட்டு, ஏழு, ஏழு."

நான்காவது அம்பு சட்டத்தின் மூக்குக்கு நேராக இருந்தது. சிவப்பில்தான் குத்தியிருந்தது. ஆனால் அதன் தண்டு மஞ்சள் வட்டத்தின் கோட்டை உரசிக்கொண்டு நின்றது. கோட்டைத் தொட்டால் மேல் எண். எட்டு இல்லை, ஒன்பது. பூதக்கண்ணாடி தேவையே இல்லை. வாத்து ஒரு தடவை குனிந்திருந்தால் அவளுக்கே தெரிந்திருக்கும்.

சட்டம் வாயைத் திறந்தாள். மஞ்சள் கோடும் கறுப்புத் தண்டும் அவ்வளவு துல்லியமாகத் தெரிந்தன. 'அவ்ளோதானா அக்கா?' என்ற குரல் உள்ளே எங்கோ கேட்டது.

"எட்டு," என்று சொல்லிக்கொண்டே எழுதினாள்.

வாத்து அம்புகளைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

கடைசிச் சுற்றில் இருவருமே ஐம்பது எடுத்தார்கள். சட்டத்துக்கு அறுநூற்று இரண்டு. வாத்துக்கு ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது.

கோச் வந்து சட்டத்தின் முதுகில் தட்டினார். ஐந்து வருஷமாக அந்தத் தட்டலுக்குத்தான் காத்திருந்தாள். அது வேறு யார் முதுகிலோ விழுந்தது போல இருந்தது. வாத்து புல்லில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஷூ முனையையே பார்த்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து வந்து இவளைக் கட்டிக்கொண்டாள்.

"விடுங்கக்கா, எனக்கு அடுத்த வருஷம் இருக்கு. உங்களுக்குக் கிடைச்சுதே, அது போதும்."

அந்த அணைப்பில் சட்டம் மரக்கட்டையாக நின்றாள்.

அதன்பிறகு வாத்து செய்ததெல்லாம் இன்னும் கஷ்டம். பயணப்பெட்டி கொண்டுவந்து கொடுத்தாள். நாண் இழுக்கும் தன் விரலுறையைக் கழற்றி, "ராசியானது, வச்சுக்கோங்க" என்றாள். விரலுறையைக் கையில் வாங்கியபோது சட்டத்தால் அதற்குமேல் முடியவில்லை. ஹாஸ்டல் துணி உலர்த்தும் மாடியில், நனைந்த போர்வைகளுக்கு நடுவே நின்று சொன்னாள்.

"பதினோராவது சுற்று. உன் நாலாவது அம்பு கோட்டைத் தொட்டுச்சு. ஒன்பது. நான் பாத்தேன்."

வாத்துக்கு முதலில் விளங்கவில்லை. "நான் எட்டுன்னு சொன்னேனே?"

"சொன்னே. நீ சரியா பாக்கல. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் எட்டுன்னு எழுதினேன்."

"ஏன்?"

சட்டத்திடம் இதற்கு விதி எதுவும் இல்லை. "பொறாமை," என்றாள்.

வாத்து கொடியில் இருந்த துணிக்கவ்வி ஒன்றைத் திறந்து திறந்து மூடினாள்.

"சொல்லாமலே போயிருக்கலாம் நீங்க," என்றாள் கடைசியில். "இப்ப சொல்லி உங்க பாரத்தை எறக்கிட்டீங்க. நான் இதை எங்க கொண்டுபோய் வைக்கட்டும்?"

விரலுறையைத் திரும்ப வாங்கிக்கொண்டு இறங்கிப்போனாள். பெட்டியை மட்டும் கேட்கவில்லை.

விஷயத்தை நடுவர் குழுவுக்கும் எழுதினாள் சட்டம். பிடுங்கிய அம்புக்கு மறுபரிசீலனை கிடையாது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. தன் அறுநூற்று இரண்டு யாராலும் அசைக்க முடியாதது என்பதும் அவளுக்குத் தெரியும். போகாமல் இருந்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தாள். அப்படி இருந்தாலும் வாத்துக்கு ஓர் எண்கூட அதிகமாகாது. வெளிநாட்டுப் போட்டிக்குப் போனாள். எண்பத்துமூன்று பேரில் அறுபத்தொன்றாவதாக வந்தாள். அங்கே எடுத்த போட்டோவை அம்மா கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினாள்.

படிப்பு முடிந்து வேறோர் ஊரில் ஒரு பொறியியல் கல்லூரி நூலகத்தில் வேலை கிடைத்தது. அடுத்த வருஷம் ஒருநாள், புது இதழ்களுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தபோது கோச் போன் செய்தார்.

"வாத்து இந்த வருஷம் ரெண்டு அறுநூறையும் அடிச்சுட்டா! ரெண்டாவது அறுநூத்து முப்பத்தொண்ணு!"

சந்தோஷம்தான் வந்திருக்க வேண்டும். முதலில் வந்தது அந்தப் பழைய எரிச்சல், அதே சூட்டோடு. சந்தோஷம் பின்னால் மெதுவாக வந்து சேர்ந்தது. இரண்டும் ஒன்றையொன்று தள்ளாமல் உட்கார்ந்திருந்தன.

"இன்னொண்ணு கேளு," என்றார் கோச். "இப்பல்லாம் ஒவ்வொரு அம்பையும் குனிஞ்சு பாத்துட்டுத்தான் எண்ணு சொல்றா. கோட்டுல இருந்தா உடனே நடுவரைக் கூப்பிடறா. இந்த ஒழுங்கை அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தாங்கன்னே தெரியல. நீயாத்தான் இருக்கணும்!"

வாத்து அவரிடம் எதையும் சொல்லவில்லை என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. இதழ்களைத் தள்ளி வைத்தாள்.

"நான்தான் சார். ஆனா நீங்க நினைக்கிற மாதிரி இல்ல," என்று ஆரம்பித்து, மஞ்சள் கோட்டிலிருந்து துணி உலர்த்தும் மாடிவரை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

மறுமுனையில், மைதானத்தில் யாரோ அம்புகளை எண்ணுவது கேட்டது.

"சரி," என்றார் கோச். "எனக்குப் பசங்க காத்துட்டு இருக்காங்க."

போனை வைத்துவிட்டார். மறுபடி அவர் கூப்பிட எட்டு மாதம் ஆயிற்று. அப்போதும் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.