சரஸ்வதி பூஜைக்கு மறுநாள் எழும்பாத கம்ப்யூட்டர்

"சொந்தமா பூட்டுனா இப்படித்தான்லா தங்கச்சி. மதர்போர்டு செத்துப் போச்சு. புதுசு போடணும்."

பிரிக்பீல்ட்ஸ் கம்ப்யூட்டர் கடையில் முதலாளி இப்படிச் சொன்னபோது, பெட்டிக்குள் அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். பண்டமாரானில் லோரிக்குச் சாமான் ஏற்றினேன், டெங்கிலில் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டினேன், எங்கும் நிலைக்கவில்லை. அந்தக் கடைக்குப் பெட்டி தூக்கத்தான் போனேன். பார்த்துப் பார்த்து ரிப்பேர் கற்றுக்கொண்டேன்.

அந்தப் பெண் பெயர் மாலதி. கிள்ளானில் கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்தவள். சாமான்களைத் தனித்தனியாக வாங்கி, தன் கையாலேயே ஒரு 486 மெஷினைப் பூட்டியிருந்தாள். தொழிற்சாலையை விட்டுவிட்டு, தீபாவளி வாழ்த்து அட்டை வடிவமைக்கும் வேலையில் இறங்கியிருந்தாள். முதல் ஆர்டர் கையில் இருந்தது. அது தவறினால் மறுபடியும் ஷிப்டுக்குத்தான் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

மெமரி கூட்டுவதற்காக, சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள் பெட்டியைக் கடையில் விட்டுப் போனாள். நான்தான் மெமரியைச் சொருகி ஓட்டிப் பார்த்தேன். நன்றாக ஓடியது. அவள் வந்து பார்க்கட்டும் என்று மூடியை மாட்டாமல் மேசையில் வைத்தேன். பூஜையன்று எனக்கு லீவு.

மறுநாள் மாலதி வந்து சுவிட்சைப் போட்டாள். காற்றாடி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. பீப் சத்தம் விடாமல் கேட்டது.

"விட்டுட்டுப் போறப்ப ஓடுச்சே, பாஸ்!"

"வீட்டுல பூட்டுன மெஷின் இன்னைக்கு ஓடும், நாளைக்குப் படுத்துக்கும். பொம்பளப் புள்ளைக்கு ஏன்லா ஸ்குரூடிரைவர் வேலை?" என்று சிரித்தார் முதலாளி. பிறகு என்னை ஓரமாக இழுத்தார். "போர்டு போச்சுன்னு நீயும் சொல்லு. ஸ்டோர்ல ஒண்ணு விக்காம கெடக்குல்ல, அத மாட்டிவிடு."

போர்டு செத்திருந்தால் அந்தச் சத்தமே வராது. மெமரி சரியாக உட்காராதபோதுதான் அப்படிக் கத்தும். அது அவருக்கும் தெரியும்.

ஸ்குரூடிரைவரை மாலதியிடம் நீட்டினேன். "நீங்க பூட்டுனது. நீங்களே கழட்டிப் பாருங்க, தங்கச்சி."

கார்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய பேப்பர் மேல் வைத்தாள். கடைசியாக மெமரியை உருவி வெளிச்சத்தில் பிடித்தாள். அதன் பின்களில் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. மோந்து பார்த்தாள்.

"அண்ணே, இது சந்தனம்."

கடையிலிருந்த எல்லா மெஷினுக்கும் முகப்பில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. பூஜையில் முதலாளி வைத்தது. மூடியில்லாத இந்தப் பெட்டிக்கு மட்டும் உள்ளே வைத்திருக்கிறார். நீர்க்கக் குழைத்த சந்தனம் வழிந்து, மெமரி சொருகும் பள்ளத்தில் இறங்கியிருக்கிறது.

"என்ஜின் உள்ளதானே இருக்கு, அதான் உள்ள வெச்சேன். சாமி காரியத்தக் குத்தம் சொல்லாதலா!" என்றார்.

"சாமிக்கு வெச்சதச் சொல்லல, பாஸ். வெச்சது நீங்க. அது தெரிஞ்சும் என் கை சரியில்லன்னீங்களே, அதச் சொல்றேன்" என்றாள் மாலதி.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் ஸ்பிரிட்டும் பிரஷும் வைத்துப் பள்ளத்தைச் சுத்தம் செய்தேன். அவள் அழிரப்பரால் பின்களைத் தேய்த்தாள். மெமரியைச் சொருகி சுவிட்சைப் போட்டதும் ஒரே ஒரு சின்ன பீப். திரையில் எண்கள் ஓடின.

"சரி, சுத்தம் பண்ணுன கூலி?" என்று கேட்டார் முதலாளி, வெட்கமே இல்லாமல்.

என்னிடம் இருந்த கடைச் சாவியை அவர் முன்னால் வைத்தேன். பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு மாலதியோடு கிள்ளான் பஸ் வரைக்கும் நடந்தேன். அட்டைகள் தீபாவளிக்கு முன்பே போய்ச் சேர்ந்தன. அவள் ஷிப்டுக்குத் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ கடைகளில் வேலை பார்த்துவிட்டேன். எழும்பாத மெஷின் வந்தால், யார் பூட்டியது என்று நான் கேட்பதில்லை. கடைசியாக யார் கை வைத்தது என்றுதான் கேட்பேன். அந்தக் கை பெரும்பாலும் கடைக்குள்ளேயே இருக்கும்.