மச்சாள் கேட்ட தூண்

இத்தாலியில், பலெர்மோவில், சில காலைகளில், கடலை நோக்கி இறங்கும் தெருவின் முடிவில் நேற்று இல்லாத ஒரு பலமாடிக் கட்டடம் நிற்கும். வெள்ளை நிறம், அடுக்கடுக்காக ஜன்னல்கள். வேலைக்குப் போகும் பஸ்ஸிலிருந்து பார்ப்பேன். பின்னேரம் திரும்பும்போது அந்த இடத்தில் வெறும் வானம்தான் இருக்கும். உல்லாசக் கப்பல். அதில் வருகிறவர்கள் ஒரே பகலில் ஊரைப் பார்த்து முடித்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் பதினான்கு வருடமாக இங்கே சிஞ்ஞோராமாரின், இத்தாலிய அம்மாமாரின், வீடுகளைத் துடைக்கிறேன். எங்கள் பூசை நாங்கள் இருக்கும் ஒரேத்தோவில், பங்குக் கோயிலில். போன மாதம் வரை நகரத்துப் பேராலயத்துக்குள் நான் கால் வைத்ததில்லை. ஊரிலிருந்து இதை வாசிப்பவர்கள், வெளிநாட்டில் இருக்கிறவர்கள் எல்லாரும் ஊர் சுற்றுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். சுற்றிப் பார்ப்பது அடுத்த நாட்டுக்காரர் செய்கிற வேலை.

போன மாதம் அப்படியொரு கப்பலில் ரீற்றா மச்சாள் வந்தாள். என் கணவர் அன்ரனின் மாமி மகள். ஜெர்மனியில், ஆறும் கோட்டையும் உள்ள ஒரு பழைய நகரத்தில் இருக்கிறாள். ஒரு காலத்தில் அன்ரனுக்கு அவளைப் பேசியிருந்தார்கள். அவள் குடும்பம் ஜெர்மனிக்குப் போனதும் அந்தப் பேச்சு நின்றுபோனது. இது எனக்குத் தெரியாத கதையில்லை. ஆனாலும் ரிஸ்தொராந்தே சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவுகிற மனிதர், என் பிறந்தநாளுக்குக்கூட லீவு எடுக்காதவர், அன்றைக்கு லீவு எடுத்து, மழுங்கச் சவரம் செய்து, பெருநாள் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு நின்றபோது எனக்கு வயிறு எரிந்தது. நானும் வேலைக்கு வரவில்லையென்று சொல்லிவிட்டு அவர்களோடு போனேன்.

ரீற்றாவின் கணவரும் பிள்ளைகளும் கப்பலின் நீச்சல் குளத்தை விட்டு இறங்க மாட்டோம் என்றுவிட்டார்களாம். தொப்பியும் வெள்ளைச் சப்பாத்துமாக அவள் தனியே வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். வியா மக்வேதா தெரு வழியாக நடந்தோம். அன்ரன் கதைத்துக்கொண்டே வந்தார். எந்தக் கோயிலின் சிவப்புக் கும்மட்டம் பள்ளிவாசல்போல் இருக்கும், எந்தச் சந்தில் வெயில் படாது, எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. வீட்டில் உப்புப் போதுமா என்று கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டுகிற ஆள். பேராலயத்தின் வாசலில் ரீற்றா நின்றாள்.

"நீ அப்ப போனிலை சொல்லுவியே மச்சான், அரபு எழுத்து வெட்டின தூண். அது எங்கை?"

அன்ரன் இடது ஓரத்துத் தூணைக் காட்டினார். அவள் அந்த எழுத்துகளை விரலால் தடவினாள். நானும் முதல் தடவையாகப் பார்த்தேன். எனக்குச் சொல்லப்படாத ஒரு தூண், ஜெர்மனியில் இருந்தவளுக்கு இத்தனை வருடமாகத் தெரிந்திருக்கிறது.

அங்கிருந்து பழைய ராஜாக்களின் அரண்மனைக்குள் இருக்கும் தேவாலயத்துக்குப் போனோம். நான்தான் ரிக்கற் எடுக்கப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் எனக்குப் பின்னால் சிரித்துக் கதைத்துக்கொண்டு நின்ற இருவரையும் பார்த்தாள்.

"லா கூய்தா?" நீ இவர்களின் வழிகாட்டியா என்று கேட்கிறாள். வழிகாட்டிகளுக்குக் கிறாத்திஸ், காசில்லை, ரிக்கற் வேண்டாம் என்றாள்.

"சோனோ லா மோலியே," என்றேன். நான் மனைவி. குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. அவள் திகைத்துப்போய் மூன்று ரிக்கற்றுகளை நீட்டினாள்.

உள்ளே சுவர் முழுக்கத் தங்கம். ரீற்றா என் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னாள்: "என்ரை ஊரைப் பாக்கவும் உப்பிடித்தான் சனம் வரும். நான் ஒருநாளும் அந்தக் கோட்டைக்கு ஏறினதில்லை. வேலை, வீடு." அவளைப் பிடித்துப்போய்விடுமோ என்ற பயத்தில் நான் கூரையைப் பார்த்தேன்.

பின்னேரம் அவளைத் துறைமுகத்தில் விட்டோம். திரும்பி நடக்கும்போது கேட்டேன்.

"எனக்கு ஏன் இதெல்லாம் சொல்லேல்லை?"

அன்ரன் நடையைக் குறைத்தார். "வந்த புதிசிலை விசாப் பேப்பரும் இல்லை, வேலையும் இல்லை. ஒரு ரூமிலை முறை வைச்சுப் படுக்கிறனாங்கள். பகலிலை வெளிக்கிட்டுப் போகவேணும். அப்பதான் நடந்து திரிஞ்சனான். அவளுக்குச் சொல்லலாம். அவள் தூரத்து ஆள். நீர் என்னட்டை வரப்போற ஆள். உமக்கு நல்லதைத்தானே சொல்லவேணும்."

நான் இங்கே வருமுன், ஞாயிற்றுக்கிழமைகளில், இலங்கையில் மன்னாரில் இருந்த எனக்கு அவர் எடுத்த அழைப்புகள் நினைவுக்கு வந்தன. அறையிலிருந்து கடல் தெரியும் என்பார். நானும் அந்த ஜன்னலுக்கு மனதுக்குள் திரைச்சீலை தைத்து வைத்திருந்தேன். வந்து இறங்கிய வீட்டின் ஜன்னலில் அடுத்த வீட்டுச் சுவர்தான் தெரிந்தது. ஒன்றும் கேட்காமல், மூன்றாம் நாளே வேலைக்குப் போய்விட்டேன்.

அவர் சொன்ன காரணம் விளங்கியது. ஆனால் எரிச்சல் அடங்கவில்லை. அவருடைய பட்டினியையும் வெயிலையும் கேட்க இன்னொருத்தி இருந்திருக்கிறாள். எனக்குக் கிடைத்தது பொய்க் கடல்.

"அவளுக்குச் சொல்லாத இடம் ஏதும் இருக்கே?"

"ஓம். ஒண்டு இருக்கு. வாரும்."

ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு சந்துக்குள் கூட்டிப்போனார். பச்சைப் பெயின்ற் உரிந்த ஒரு கதவு, முன்னால் ஒரு கல்படி. மூத்திர நாற்றம். மூன்று வங்காளப் பெடியள் படியில் குந்தியிருந்தார்கள். எங்களைக் கண்டதும் ஒருவன் எழுந்து இடம் விட்டான்.

"இதுதான் அந்த ரூம். படுக்க முறை வருமட்டும் இதிலை இருந்து அழுதிருக்கிறன். இதை ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

நான் அந்தப் படியில் உட்கார்ந்தேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். கல் இன்னும் சூடாக இருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்போது என் போன் அடித்தது. மன்னாரிலிருந்து தங்கச்சி, வீடியோவில்.

"அக்கா, எங்கை நிக்கிறியள்? வேலையிலையோ?"

"இல்லையடி. அத்தானோடை ஊர் பாக்க வந்தனான்."

"எங்கை, காட்டுங்கோ பாப்பம்!"

கை தானாக எழுந்தது. பெடியள் தெரியாமல், கதவு தெரியாமல் போனைத் திருப்பினேன். சந்தின் வாய்க்கு அப்பால் ஸ்தாசியோனேயின் உயர்ந்த முகப்பு பின்னேர வெயிலில் மஞ்சளாக நின்றது. அதன் முன்னே ஈச்சமரங்கள், குதிரையில் ஒரு ராஜாவின் சிலை.

"ஐயோ, என்ன வடிவு! உங்களுக்கென்னக்கா, குடுத்து வைச்சனீங்கள்." அவள் குரலில் இருந்த எரிச்சலை என்னால் அடையாளம் காண முடிந்தது.

அன்ரன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போனைத் தாழ்த்தவில்லை. கை வலிக்கும்வரை, எனக்குப் பின்னால் இருந்த எதுவும் தெரியாதபடி, அந்த மஞ்சள் வெயிலையே அவளுக்குக் காட்டிக்கொண்டு படியில் இருந்தேன்.