இரண்டு காலும் நொண்டிய ஆடு

அக்கா, உன் ஆடு இன்று காலையிலும் அத்தாவைப் பார்த்ததும் நொண்டியது. நீ மவுத்தாகி, உன்னை அடக்கம் செய்து நாற்பது நாள் ஆகிவிட்டது. அதற்கு யாரும் சொல்லவில்லை போல.

நான் ஐந்தாவதோடு நின்றவள். தப்பும் தவறுமாகத்தான் எழுதுவேன். சிரித்தால் சிரித்துக்கொள்.

ஏரியூர் மாமா அந்தக் குட்டியை உனக்கென்றுதான் கொடுத்தார். அது நம் வீட்டில் ஆடு மாதிரியா வளர்ந்தது? அத்தா கடையில் புது மெத்தை தைத்து முடித்தால் முதலில் ஏறிப் படுப்பது அதுதான். அம்மா சோற்றுக்குக் கூப்பிட்டால் நமக்கு முன்னால் போய் நிற்கும். போன பக்ரீதுக்கு முன்னால் ஒருநாள் அத்தா அதன் முதுகைத் தடவிக்கொண்டே, "ஒரு வயசு தாண்டிடுச்சு. இந்த வருசம் இதையே குர்பானி குடுத்துடலாம்" என்றார். நீ பாதிச் சோற்றில் எழுந்து போனாய்.

மறுநாள் என்னைக் கோழிக்கூண்டுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாய்.

"நொண்டி ஆடு குர்பானிக்கு ஆகாதுடி. இதுக்கு நொண்டக் கத்துக் குடுத்துடலாம்."

வலது முன்னங்காலைத் தூக்கினால் ஒரு கை பொட்டுக்கடலை. இதுதான் பாடம். நமக்கு ஏறாத படிப்பு அதற்கு நாலே நாளில் ஏறியது. அத்தாவின் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், காலைத் தூக்கிக்கொண்டு அப்படியொரு நடை!

கெடுத்தது நான்தான். நீ இல்லாத நேரத்தில் நானும் பாடம் நடத்தினேன். ஆட்டுக்கு எதிரில் நின்றுகொண்டு, என் வலது கைப் பக்கம் இருந்ததுதான் அதன் வலது கால் என்று நினைத்துவிட்டேன்.

அத்தா பள்ளிவாசல் ஹஜ்ரத்தைக் கூட்டிவந்து ஆட்டைக் காட்டினார். அது உன்னைப் பார்த்தது, வலது காலைத் தூக்கியது. என்னைப் பார்த்தது, இடது காலைத் தூக்கியது. பிறகு நம் இருவர் கையையும் பார்த்தது.

"எந்தக் காலுடி நொண்டி?" என்றார் அத்தா.

"மாத்தி மாத்தி வலிக்குது போலத்தா" என்றாய் நீ.

ஹஜ்ரத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். தோள் மட்டும் குலுங்கியது.

அத்தா சிரிக்கவில்லை. "பிரியமானதத்தாம்மா குடுக்கணும்."

"பிரியம் எனக்குத்தானேத்தா? மாமா எனக்குத்தானே குடுத்தாரு? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

அத்தா ஹஜ்ரத்தைப் பார்த்தார்.

"புள்ள சொல்றது ஞாயந்தாங்க பாய். அது அவ பொருளு" என்றார் அவர்.

அத்தா சந்தைக்குப் போய் வேறு ஆடு பிடித்து வந்தார். ஆனாலும் உன்னை விடவில்லை. "இந்தப் பொய்யிக்கு மறுமையில நீதான் பதில் சொல்லணும்."

"ஆட்டயும் கூட்டிக்கிட்டுப் போயே சொல்லிக்கிறேன், நீங்க கவலப்படாதீங்க."

மஞ்சள் காமாலை வந்து பதினெட்டே நாள். ஆட்டை விட்டுவிட்டு நீ மட்டும் போய்விட்டாய்.

இப்போது அத்தாவின் சட்டைப்பையில் எப்போதும் பொட்டுக்கடலை இருக்கிறது. இன்று அது இரண்டு காலையும் மாற்றி மாற்றித் தூக்கியது. அவர் இரண்டு தடவை கொடுத்தார்.

இதைப் படிக்கிறவர்களே, என் அக்காவுக்காக எல்லோரும் துவா செய்யுங்கள். அந்த நொண்டிப் பொய்யை மன்னிக்கச் சொல்லிக் கேளுங்கள். சாட்சி சொல்ல வேண்டிய ஆடு இங்கே எங்களிடம் இருக்கிறது. அவள் அங்கே தனியாகப் பதில் சொல்லிக்கொண்டிருப்பாள்.