அப்பாவின் மூன்றாவது ஊசி

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். எனக்கு வெட்கமான பகுதியையும் விடப்போவதில்லை. போன செவ்வாய்க்கிழமை காலை நான் ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டு ரோஸி அக்கா வந்து, "நம்ம சகாயமேரி சிஸ்டர் போயிட்டாங்க, நெஞ்சு வலியாம்" என்றார். அன்று ஒரு பின்னலில் மட்டும் ரிப்பனோடு பள்ளிக்குப் போயிருக்கிறேன். மத்தியானம்தான் தெரிந்தது.

எங்கள் ஜோகுபாளையம் டிஸ்பென்சரியில் நர்ஸாக இருந்த அவரிடம் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு அந்தக் கேள்வி தெரியும். "இன்னைக்கு உங்க வீட்ல இன்னா கொழம்பு?" பதில் முடிவதற்குள் ஊசி இறங்கிவிடும். மூன்றாம் வகுப்பில் நான் கண்ணாடிச் சில்லை மிதித்து வந்தபோது, பதிலே சொல்வதில்லை என்று உதட்டை இறுக்கிக்கொண்டேன். "வாயத் தொறக்கலன்னா ரெண்டு ஊசி" என்றார். "கத்தரிக்கா!" என்று அலறினேன். டிஸ்பென்சரியே சிரித்தது.

அப்பாவுக்கு பொம்மசந்திராவில் ஒரு ஃபேக்டரியில் வேலை. பிப்ரவரியில் அங்கே பெட்டிப் பலகையின் துருப்பிடித்த ஆணி செருப்பைத் துளைத்துக் காலில் ஏறியது. வீட்டில் மஞ்சளை வைத்து அழுத்தும்போது நான் பார்த்துவிட்டேன். "ரத்தமே வரல, இதுக்கு எதுக்கு ஊசி? எனக்கு ஊசின்னாலே ஆவாது. அம்மாகிட்ட சொல்லாத கண்ணு." நான் சொல்லவில்லை. அப்பாவுக்கும் எனக்கும் மட்டும் ஒரு ரகசியம் இருப்பது எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒன்பதாம் நாள் அப்பாவால் சப்பாத்தியைக் கடிக்க முடியவில்லை. பல்வலி என்று அம்மா கிராம்பு வைத்தார். மறுநாள் வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது. அம்மா சிஸ்டரை அழைத்துவந்தார்.

"அண்ணா, எங்கனா அடி பட்டுச்சா?"

"ஒன்னும் படல சிஸ்டர்" என்றார் அம்மா.

அப்பா என்னைப் பார்த்தார். நான், "ஆணி. வலது கால். பத்து நாளாச்சு" என்றேன்.

சிஸ்டர் பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். அடுத்த நிமிடம் ஆட்டோ வந்தது. "ஹார்ன் அடிக்காதப்பா" என்று ஓட்டுநரிடம் சொன்னார். சத்தமும் வெளிச்சமும் பட்டால் அப்பாவின் உடம்பு வில்லாக வளையும் என்று பிறகுதான் புரிந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் டெட்டனஸ் என்று சொல்லி விஷமுறிவு ஊசி போட்டு, காயத்தைத் திறந்து சுத்தம் செய்து, இருட்டறையில் படுக்கவைத்தார்கள். வாசலில் சிஸ்டர் என் கொலுசைக் கழற்றச் சொல்லித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். வேலை முடிந்ததும் தினமும் வந்தார். ஒருநாள் வராந்தாவில் கேட்டேன்: "எல்லாம் என்னாலதானே சிஸ்டர்?"

அவர் இல்லை என்று சொல்லவில்லை. "லேட்டா சொன்னே. ஆனா சொன்னே. உங்கப்பா வாயத் தொறக்கட்டும், அவருக்கு இருக்கு."

ஒரு மாதத்துக்குப் பிறகு அப்பா வீடு திரும்பும் நாளில் சிஸ்டர் ஊசியோடு நின்றார். "இனிமே எதுக்கும்மா? அதான் வந்துட்டுப் போயிடுச்சே" என்றார் அப்பா. "இந்த நோவு வந்துட்டுப் போனா திரும்ப வராதுன்னு யாரு சொன்னாங்க? மூனு ஊசி இருக்கு. அண்ணிகிட்ட மறைச்சதுக்கு வலிக்கிற மாதிரியே போடறேன்." வலிக்காமல்தான் போட்டார். கொலுசைப் பஞ்சில் சுற்றித் திருப்பித் தந்தார். இரண்டாவது ஊசியும் அவர் கையால்தான். மூன்றாவதற்கான தேதியை அட்டையில் எழுதிக் கோடு போட்டிருந்தார்.

அந்தத் தேதி இன்று. அப்பா தானாகவே டிஸ்பென்சரிக்குக் கிளம்பினார்; நானும் கூடப் போனேன். புது நர்ஸ் எதுவும் கேட்காமல் பஞ்சால் துடைத்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு அப்பா காத்திருந்தார். ஊசி இறங்கியது.

"முருங்கைக்கா சாம்பார்" என்றார் அப்பா மெதுவாக.

"இன்னா சார்?"

"ஒன்னுமில்லம்மா."

கொலுசு இன்னும் அந்தப் பஞ்சிலேயே இருக்கிறது. நான் போட்டுக்கொள்வதில்லை. அதுவும், சொல்ல வேண்டியதை அன்றைக்கே சொல்லிவிடும் பழக்கமும்தான் சிஸ்டரிடமிருந்து என்னிடம் இருப்பவை. மத்தியானம் மணி ஒன்றாகி எல்லோரும் போன பிறகும் நாங்கள் இருவரும் பெஞ்சைவிட்டு எழவில்லை. டிஸ்பென்சரியின் விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.