கடற்கரைத் தொண்டை

ஜெர்லினின் குரலைத் திரேஸ்புரத்தில் யாரும் குறை சொன்னதில்லை. அங்கே எல்லாருக்கும் அந்தக் குரல்தான். வள்ளம் கரையை நெருங்கும்போது, மீன் எவ்வளவு பட்டது என்பதை அலைக்கும் எஞ்சினுக்கும் மேலே குரல் ஏறிப் போகும்படி கேட்க வேண்டும், "பாடு எப்படிப்பா?" என்று. மெதுவாகக் கேட்டால் கேள்வி பாதி வழியிலேயே நனைந்துபோகும். அவளுடைய அப்பா செபாஸ்டின், காலமெல்லாம் எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்து காதை அதற்கே கொடுத்துவிட்டவர். மனைவி ஹில்டா சொல்வதைப் பாதி ஊகித்துக்கொள்வார். மகள் பேசினால் மட்டும் முழுதாகக் கேட்கும்.

"இவ சத்தம் எனக்குன்னே செஞ்சதுல்லா" என்பார்.

துறைமுகச் சாலையில், சரக்குகளுக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் அலுவலகத்தில் ஜெர்லின் வேலைக்குச் சேர்ந்த புதிது. அப்பாவின் அழைப்பு வந்தது. கரைக்கு வந்ததும் மகளுக்கு ஒரு போன் அடிப்பது அவர் வழக்கம்.

"அப்பா! வந்தாச்சா? பாடு எப்படி?"

தலைகள் திரும்பின. மேலாளர் காசிலிங்கம் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"ஏளா, போனு எதுக்கு? சன்னலத் தொறந்து பேசுனாலே ஒங்கப்பாவுக்குக் கேக்குமே! கடக்கரைத் தொண்டைல்லா!"

எல்லாரும் சிரித்தார்கள். ஜெர்லினும் சிரித்தாள். சிரிக்காவிட்டால் அதற்கும் ஒரு கேலி வரும்.

காசிலிங்கம் அண்ணாச்சி கெட்டவர் இல்லை. சிக்கலே அதுதான். அவளுக்குக் காய்ச்சல் என்றால் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு அனுப்புகிறவர். மக்ரூன் பொட்டலம் பிரித்தால் முதலில் அவளிடம்தான் நீட்டுவார். ஆனால் லாரிக்காரனிடம் அவள் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசிவிட்டால் போதும். "ஏலே, ஓடிரு! கடக்கரை சண்டைக்கு வந்துட்டு!" என்பார். கோபப்படவும் வழியில்லை. கோபப்பட்டால் அவர் சொன்னது மெய்யாகிவிடும்.

அதனால் குரலைக் குறைத்தாள். முதலில் அலுவலகத்தில் மட்டும். பிறகு பேருந்தில், கடையில், கோயிலில். மழையில் நனைந்த துணி சுருங்குவது போல யாருக்கும் தெரியாமல் அது சுருங்கியது. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து மேசை இந்துமதி அன்பாகத்தான் சொன்னாள்.

"இப்பல்லாம் ஒன்னையப் பாத்தா கடக்கரைப் புள்ளைன்னே சொல்ல முடியாதுளா."

அன்று வீடு திரும்பும்போது, யாரையோ அடக்கம் செய்துவிட்டு வருவது போல இருந்தது ஜெர்லினுக்கு.

வீட்டிலும் அந்தக் குரல் திரும்பி வரவில்லை. சோற்றுத்தட்டின் முன் அவள் ஏதாவது சொல்வாள். அப்பா அவள் உதட்டைப் பார்ப்பார். பிறகு ஹில்டா பக்கம் திரும்புவார்.

"என்ன சொல்லுதா?"

அம்மா திருப்பிச் சொல்வாள். கொஞ்ச நாளில் அவர் கேட்பதையும் விட்டுவிட்டார். "காது சுத்தமாப் போச்சு போல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். உங்கள் காது அப்படியேதான் இருக்கிறது அப்பா என்று சொல்ல ஜெர்லின் ஏங்கினாள். அதைச் சொல்லவும் அந்தப் பழைய குரல்தான் வேண்டியிருந்தது.

ஒரு சனிக்கிழமை மதியம். அலுவலகம் நிறைய ஆட்கள். போன் ஒலித்தது. வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, "சொல்லுங்கப்பா" என்றாள்.

மறுமுனையில் காற்று. பிறகு அப்பா, வெளியாளிடம் பேசும் மரியாதையோடு:

"யம்மா, யாரு பேசுதீங்க? எம் மவ ஜெர்லின் பக்கத்துல இருந்தாக் கொஞ்சம் குடுங்கம்மா."

"நான்தாம்ப்பா."

"கேக்கலம்மா. வேலையா இருக்கா போல. கரைக்கு வந்துட்டேன்னு மட்டும் சொல்லிருங்க. வச்சிருதேன்."

"அப்பா!"

துருப்பிடித்த கதவு திறப்பது போலக் கரகரத்தது. அவள் கையை வாயிலிருந்து எடுத்தாள்.

"அப்பா! வைக்காதீங்க!"

அறை முழுக்கத் திரும்பியது. "ஏ, சன்னல..." என்று காசிலிங்கம் ஆரம்பித்தார். ஜெர்லின் அவரைப் பார்த்தாள். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. மிச்சக் கேலி அவர் வாயிலேயே நின்றது.

போனில் அப்பாவின் குரல் உயர்ந்தது.

"ஏளா ஜெர்லினு... எங்க போயிருந்த இம்புட்டு நாளா?"

ஜெர்லின் எழுந்து நின்று, அலைக்கு மேலே குரல் ஏறிப் போகும்படி கேட்டாள்:

"பாடு எப்படிப்பா?"